ராஸ்பெர்ரி பைல டைட்டோ டைப் எக்ஸ் கேம் ஓடும்னு சொல்றது தப்பு

"பைல பட்டோசெரா போட்டு ரோம் ஃபோல்டர்ல ஜிப்ப போட்டா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஆர்கேட் வெர்ஷன் மாமேல ஓடும்"னு மேல போட்டிருக்கறது சரியில்ல ப்ரோ, இத நம்பி யாராவது போர்டு வாங்கிடப் போறாங்க. (பைன்னா ராஸ்பெர்ரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, பட்டோசெரா பழைய கேம் ஓட்டறதுக்கான ஓஎஸ், மாமே ஆர்கேட் மெஷின் மாதிரி நடிக்கற எமுலேட்டர், ரோம்னா ஆர்கேட் போர்டு சிப்ல இருந்து எடுத்த கேம் ஃபைல்.) அந்த கேம் வந்தது டைட்டோ கம்பெனியோட டைப் எக்ஸ்2ங்கற ஆர்கேட் மெஷின்ல, அது உள்ளுக்குள்ள இன்டெல் ப்ராசஸரும் விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடடும் போட்ட சாதா பிசி தான், அதனால ரோம்னு ஒன்னு கிடையாது, ஹார்ட் டிஸ்க்ல இருக்கற இஎக்ஸ்இ ஃபைல் தான் கேமே. பைல இருக்கறது ஆர்ம்ங்கற வேற வகை சிப், அந்த ஃபைல் அதுல நேரா ஓடாது. பிசி ப்ரோக்ராம ஆர்ம் சிப்ல ஓட வைக்க பாக்ஸ்64 மாதிரி ட்ரான்ஸ்லேட்டர் இருக்கு, ஆனா அத நம்பி காசு போடாதீங்க.

மாமே லிஸ்ட்ல சேகா லின்ட்பர்க் (இதுவும் உள்ளுக்குள்ள பிசி தான்) மாதிரி மெஷின் பேரெல்லாம் இருக்கேன்னு கேப்பீங்க, பக்கத்துலயே நாட் வொர்க்கிங்னு போட்டிருக்கும், அதயும் படிங்க.

பட்டோசெரா தான் வேணும்னா பழைய இன்டெல் அல்லது ஏஎம்டி பிசில அதுக்கான எக்ஸ்86 இமேஜ் போடுங்க, கேம விண்டோஸ் ஃபோல்டர்ல வச்சா வைன் (லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோக்ராம் ஓட்டற சாஃப்ட்வேர்) வழியா ஓடும், அதுவும் எல்லாம் ஓடாது. காயின், பட்டன் போர்டு, டாங்கிள் (காப்பி அடிக்காம தடுக்கற சாவி மாதிரி சாதனம்) இதெல்லாம் இருக்கற மாதிரி கேம ஏமாத்த லோடர் தனியா வேணும், டெக்னோபேரட்ங்கற லோடர் செய்யறது அந்த வேலைய தான், அதுக்கு விண்டோஸ்லயே வச்சுக்கறது தலைவலி கம்மி.