பாய் திருப்பி அடிக்காது

ரீல்ஸைத் திறந்தால் மறுபடியும் அதே காட்சி. தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டி, கம்பில் செருகி நிறுத்திய கோரைப்பாயை ஒருத்தர் கட்டானா என்கிற ஜப்பானிய வாளால் மூன்று துண்டாக்குகிறார். கீழே ஒரு கமெண்ட்: "இதுதான்டா நிஜ வாள்வீச்சு, கெண்டோ எல்லாம் மூங்கில் குச்சி விளையாட்டு."

கெண்டோ என்பது கவசம் போட்டுக்கொண்டு மூங்கில் வாளால் மோதும் ஜப்பானிய வாள்வீச்சு. எனக்கு அந்தக் கமெண்ட்டில் துளியும் உடன்பாடில்லை.

பாய் வெட்டுவது லேசுப்பட்ட வேலை என்று சொல்ல வரவில்லை. வாளின் கூரும் வீசுகிற திசையும் ஒரே கோட்டில் வராவிட்டால் வாள் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். இப்படி ஒரே கோட்டில் வருவதைத்தான் ஹசுஜி என்பார்கள். ஷினாய் என்கிற கெண்டோ மூங்கில் வாளை மட்டுமே பிடித்துப் பழகிய கைக்கு அது சட்டென்று வராது. ஆனால் பாய் நகராது, போக்குக் காட்டாது, நம் மண்டையில் ஒன்று போடாது. கெண்டோவில் எதிரே நிற்கிற ஆள் மூன்றையும் செய்வான். போதாததற்கு, சரியான அடி விழுந்த பிறகு கையை உயர்த்திக் குதித்துக் கொண்டாடினால், நடுவர்கள் கூடிப் பேசி அந்தப் புள்ளியையே பிடுங்கிவிடலாம். அடித்த பிறகும் விழிப்பு கலையக் கூடாது, அதுதான் ஸான்ஷின். பந்தா காட்டினால் புள்ளி போகும் கலையைப் போய் வெறும் குச்சி விளையாட்டு என்கிறார்கள், காட்சிக்கு வெட்டுவதை நிஜம் என்கிறார்கள்!

அப்போ காட்சியே கூடாதா? இங்கேதான் நான் கொஞ்சம் தடுமாறுவேன். ஜப்பானில் 1868இல் ஷோகுன் என்கிற ராணுவத் தலைவரின் அரசு போய், மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்ததும் சாமுராய்களின் பிழைப்பு போச்சு, வாள் பள்ளிகள் காற்று வாங்கின. பழைய ஷோகுன் அரசின் பயிற்சிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த சகாகிபாரா கென்கிச்சி, 1873இல் டோக்கியோ அசகுசாவில் சுமோ பாணியில் டிக்கெட் போட்டு வாள் போட்டி நடத்தினார். கூட்டம் அள்ளியது. கலையைக் கூத்தாக்கிவிட்டார் என்று திட்டியவர்களும் உண்டு. திட்டியவர்கள் அந்த வீரர்களுக்குச் சோறு போட்டார்களா என்ன? 1876இல் பொது இடத்தில் வாள் அணியவே தடை வந்தது. மறுவருடமே சத்சுமா பகுதி சாமுராய்கள் அரசை எதிர்த்துச் செய்த கலகத்தில், தபாருசாகா என்ற இடத்தில், போலீஸ் வாள்படை இறங்க வேண்டியதாயிற்று. அதன்பின் டோக்கியோ போலீஸ் வாள் ஆசான்களை வேலைக்கு எடுத்தது.

1887இல் பேரரசர் முன்னிலையில் இரும்புத் தலைக்கவசத்தை வெட்டும் சோதனை. உவேதா உமனோசுகே உட்பட மற்ற ஆசான்களின் வாள் இறங்கவில்லை. கவசத்தில் வாளை இறக்கியது அதே டிக்கெட் போட்ட சகாகிபாராதான்.

இத்தனைக்கும் அந்தக் கவசமும் ஆடாமல் அசையாமல்தான் இருந்தது. அதனால் பாய் வெட்டுகிற அண்ணன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டை அந்தக் கமெண்ட்டோடு மட்டும்தான்.