பாதிச் சவரத்தில் நின்ற கத்தி

நாலாவது படிக்கும் என் மகள் போன வாரம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகுதான் வாய் திறந்தாள். வகுப்பில் யாரோ டஸ்டரை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறார்கள். மிஸ் கடைசி பெஞ்சுப் பையனை முட்டி போட வைத்துவிட்டார். வீசியது அவன் இல்லை, தன் பக்கத்தில் உட்காரும் தோழிதான் என்று இவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டாள்.

"நீதானப்பா சொன்ன, யார் வம்புக்கும் போகாதேன்னு?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அகிம்சை என்ற பெயரில் நம் வீடுகளில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். அடிக்காதே, எதிர்த்துப் பேசாதே, நல்லபடியாக வீடு வந்து சேர். அக்டோபர் 2 வந்தால் கண்ணாடியும் கம்பும் கொடுத்துக் காந்தி வேஷம் போட்டுவிடுகிறோம். அந்த மனிதர் ஏன் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார் என்று மட்டும் சொல்வதில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு வேதாரண்யம் கதையைச் சொன்னேன். 1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப்பிறப்பு அன்று, ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து உப்பு எடுக்கக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடை. இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சண்டைக்குப் போகவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். "மரத்துல சோறு காய்ச்சுதாப்பா?" என்று அப்போதுதான் சிரித்தாள்.

அப்புறம் வைரப்பன். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். உப்பு எடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஒருநாள் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவருக்குப் பாதி முகம் மழித்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மீதியை மழித்துவிடு, இல்லையென்றால் சிறை என்றார் நீதிபதி. வைரப்பன் தன் பெட்டியை நீட்டி, "நீங்களே செஞ்சுக்குங்க ஐயா" என்றாராம். ஆறு மாதம் உள்ளே இருந்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தினேன். கையில் தீட்டிய கத்தி, எதிரில் அண்ணாந்த கழுத்து. அந்த மனிதர் கத்தியைத்தான் கீழே வைத்தார், தன் முடிவை அல்ல. அகிம்சை என்றால் என்ன என்று என்னிடம் யார் கேட்டாலும் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

"அவருக்குப் பயமா இருக்காதா?" என்றாள். இருந்திருக்கும், இருந்தும் செய்தார் என்றேன். உண்மையைச் சொன்னால் உடனே கைதட்டல் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. திட்டு விழும், நட்பு முறியும், சில சமயம் தண்டனையே கிடைக்கும். அதையும் சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று, நம்மைப் போன்ற பெற்றோர்களுக்கு. வெளியே உண்மை பேசச் சொல்லிவிட்டு, வீட்டில் "நீங்க செய்தது தப்பு" என்று பிள்ளை சொன்னால் "வாய் நீளுது" என்று அடக்கக் கூடாது. "இப்போ திட்டினது நியாயமில்லைப்பா" என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் முதலில் நம்மிடம் சொல்லிப் பழகாத பிள்ளை வேறு யாரிடம் போய்ச் சொல்லும்?

யாரையும் மாட்டிவிட வேண்டாம், முதலில் உன் தோழியிடம் பேசு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவளிடம், "நீயே சொல்லிடு, நான் கூட வர்றேன்" என்றிருக்கிறாள். இருவரும் போய் மிஸ் முன்னால் நின்றிருக்கிறார்கள். இருவருக்கும் நல்ல திட்டு. அந்தப் பையனிடம் யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லையாம். அதைக் கோபமாகச் சொல்லிக்கொண்டே தட்டை எடுத்து வைத்து, "பசிக்குதுப்பா, சோறு போடு" என்றாள்.