வெப்சைட்ட கலர் பிரிண்ட் எடுத்துட்டு வரணுமாம்!

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப். "அம்மிணி, நாளைக்கு மீட்டிங்குக்கு வெப்சைட்ட பிரிண்ட் போட்டுக் கொண்டாந்துருங்க. கலர்ல. அஞ்சு செட்டு. ஒத்தப் பக்கமாவே போடுங்க, பாக்கறதுக்கு நீட்டா இருக்கும்." கூடவே ரெண்டு இலை எமோஜி.

யாருன்னு கேக்கறீங்களா? இயற்கை வேளாண் பொருள் விக்கிற கம்பெனி. அவங்களுக்கு வெப்சைட் செஞ்சு கொடுக்கறது நான். பேரு வேண்டாம். பேர்ல எங்கயாவது 'பசுமை' இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இவங்க அனுப்பற ஒவ்வொரு மெயிலுக்கும் கீழ ஒரு மரம் படம் இருக்கும். "இதை அச்சிடும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள்." நினைச்சுப் பாத்தேன். அந்த மரம் 1.8 எம்பி பிஎன்ஜி. 'ஓகே'ன்னு ரெண்டெழுத்து பதில் போட்டாலும் மரம் கூடவே வரும். பேசிப் பேசி என் இன்பாக்ஸ்ல ஒரு காடே வளர்ந்து நிக்குது. "ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது"ன்னு எச்சரிக்கை வேற.

சரி, காலையில ஜெராக்ஸ் கடை. அண்ணன் ஃபைலைத் தொறந்தார். கண்ணாடியைக் கழட்டினார். திரும்ப மாட்டினார்.

"பாப்பா, இது எத்தனை பக்கம்?"

"ஒரே பக்கம்தாண்ணா."

"27 காட்டுதே."

"வெப்சைட்ல அது ஒரே பக்கம்ணா. கீழ இழுத்துட்டே போகணும்."

"பேப்பர்ல எப்படி பாப்பா இழுக்கறது?"

அதைத்தாண்ணா நானும் கேக்கறேன்! இந்தக் கேள்வி அந்த மனுஷனுக்குத் தோணுது, பல லட்சம் செலவு பண்ணி பிராண்டிங் பண்ணின கூட்டத்துல ஒருத்தருக்கும் தோணல.

முதல் காப்பி வந்துச்சு. பச்சையவே காணோம். பிரிண்ட் எடுக்கறப்ப பிரவுசர் பின்னணி நிறத்தைத் தானா விட்டுரும், மை மிச்சமாகட்டும்னு. இந்த மொத்தக் கதையில நிஜமாவே சுற்றுச்சூழல் மேல அக்கறை காட்டினது அந்த பிரவுசர் ஒண்ணுதான். அதையும் விடல நாங்க. செட்டிங்ஸ்ல போய் டிக் அடிச்சு, ஏ4 முழுக்கப் பச்சை மை ஊத்தி எடுத்தோம். மேல ஒட்டிட்டு நிக்கற மெனு இருக்கு பாருங்க, அது 27 பக்கத்துலயும் தலைப்பு மேலயே உக்காந்துடுச்சு. முகப்புல அருவி வீடியோ ஓடற இடத்துல கறுப்பா ஒரு பெட்டி. உதிர்ற இலை அனிமேஷன் எங்க நின்னுச்சோ அங்கயே உறைஞ்சு, ஒரு இலை கரெக்டா முதலாளியோட தாத்தா போட்டோ மூக்கு மேல. கலர் பக்கத்துக்குப் பத்து ரூபாய். 27 பக்கம், அஞ்சு செட்டு. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க, எனக்கு வயிறு எரியுது.

"பேக் டு பேக் போட்டுரட்டுமா பாப்பா, பாதிப் பேப்பர்ல முடிஞ்சிரும்" அப்படின்னார் அண்ணன். வேண்டாம்ணா. பசுமைக் கம்பெனிக்கு ஒத்தப் பக்கம்தான் வேணுமாம்.

மீட்டிங் ரூம். ஏசி 18 டிகிரி. 2020 ஜனவரியில இருந்து வர்ற ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணினதும் 24-லதான் நிக்கணும்னு மத்திய அரசே விதி கொண்டாந்துடுச்சு. அதை ஒருத்தர் ரிமோட்டைத் தேடி எடுத்து, ஆறு தடவை அமுக்கி, 18 ஆக்கிட்டு, ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கார். மேஜை நடுவுல ஒரு செடி. தொட்டுப் பாத்தேன், பிளாஸ்டிக்.

முதலாளி ஒவ்வொரு பக்கமா புரட்டினார். தாத்தா மூக்குல நின்னார்.

"ஏன் அம்மிணி, இந்த எலை ஆடவே மாட்டீங்குது?"

"பேப்பர்ல ஆடாதுங்க சார்."

"நேத்து கம்ப்யூட்டர்ல ஆடுச்சுங்களே?"

"அது கம்ப்யூட்டருங்க சார்."

"அப்ப பிரிண்ட்டுல ஏதோ மிஸ்டேக் ஆயிருச்சாட்ட இருக்கு."

இருக்குங்க சார். பெரிய மிஸ்டேக். நான் இந்த வேலைக்கு வந்தது.

இப்ப இந்த இலை எங்கிருந்து வந்துச்சுங்கறதைச் சொல்லணும். முதல்ல நான் செஞ்சு கொடுத்த முகப்பு மொத்தமே 380 கேபி. வலைப்பக்கங்களை அளந்து கணக்கு வெக்கிற ஹெச்டிடிபி ஆர்க்கைவ்ல பாருங்க, இன்னைக்கு ஒரு நடுத்தரமான பக்கமே ரெண்டரை எம்பியைத் தாண்டுது. நான் 380 கேபில நிறுத்தினேன். படம் எல்லாத்தையும் ஏவிஐஎஃப்ங்கற சைஸ் குறைவான ஃபார்மேட்டுக்கு மாத்தி, கண்ணுக்குத் தெரியாத படத்தை ஆள் கீழ வந்தப்புறம் ஏத்தற மாதிரி வெச்சு, தமிழ் எழுத்துருவுக்குள்ள யாருக்கும் வேண்டாம உக்காந்திருந்த ரஷ்ய எழுத்தெல்லாம் வெட்டி வீசி. அன்னூர் பஸ்ல ரெண்டு கோடு சிக்னல்ல உக்காந்துட்டு கம்பு மாவு விலை பாக்கறவங்களுக்கும் டக்குன்னு தொறக்கும். பெருமையா காட்டினேன்.

முதலாளி பையன் இருக்காரு, எம்பிஏ. என்னையும் 'ப்ரோ'ன்னுதான் கூப்பிடுவார். "ப்ரோ, நீட்டா இருக்கு. ஆனா ஒரு லைஃப் இல்ல ப்ரோ. பசுமைங்கற ஃபீலே வரல."

ஃபீல் வரணும்னா என்ன பண்ணணும்? அருவி வீடியோ போடணும். ட்ரோன்ல எடுத்தது, 4கே, 42 எம்பி. தொறந்த உடனே தானா ஓடணும், திரும்பத் திரும்ப ஓடணும். கம்பெனி விக்கறது கருப்புக்கவுனியும் நாட்டுச் சர்க்கரையும். அருவி எதுக்குன்னு கேட்டேன். "நேச்சர் ப்ரோ." அதுக்கு மேல இலை உதிரணும். மவுஸை நகர்த்தினா இலை விலகணும். நானும் எழுதினேன், வேற என்ன பண்ண, வாடகை கட்டணுமே. ஓட விட்டா என் லேப்டாப் ஃபேன் மிக்சியில சட்னி அரைக்கற சத்தம் போடுது. மானசீக இலை ஒண்ணு உதிர்றதுக்கு நிஜ கரன்ட் எரியுது. நம்ம நாட்டு கிரிட்ல ஒரு யூனிட் கரன்ட்டுக்கு சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுதுன்னு மத்திய மின்சார ஆணையமே வருஷா வருஷம் கணக்கு போடுது. அதைச் சொன்னேன். "நம்ம சைட்டு கிளவுட்லதானே இருக்கு ப்ரோ, நமக்கு ஏது கரன்ட் செலவு?"

ஆமா ப்ரோ. சர்வர் எல்லாம் மழை பெஞ்சா நனையற எடத்துலதான் இருக்கு.

அதோட விட்டாங்களா? "இந்தத் தளம் பசுமையானது"ன்னு ஒரு முத்திரை வேணுமாம், பக்கத்துக்குக் கீழ. எவனோ காசுக்கு விக்கிறான். வெறும் படம்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். இல்லையாம், ஸ்கிரிப்ட். ஒட்டிட்டு, பிரவுசர்ல எது எவ்வளவு இறங்குதுன்னு காட்டற நெட்வொர்க் டேப்ல பாத்தா முத்திரை மட்டும் 700 கேபி! அது போய் இன்னொரு சர்வரைக் கூப்பிடுது, அது ஒரு எழுத்துருவை இறக்குது, அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாரையும் வேவு பாக்குது. பசுமைன்னு சர்டிபிகேட் கொடுக்கற பொட்டு, என் பழைய பக்கத்தை மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு பங்கு கனம். இதை நான் யார்கிட்டப் போய் சொல்லி அழறது?

அப்புறம் டார்க் மோட். கறுப்பாக்கிட்டா கரன்ட் மிச்சமாம், முதலாளி பையன் எங்கயோ வீடியோல பாத்தாராம். ஓஎல்இடி திரைன்னா சரி, கறுப்புப் புள்ளி அங்க அணைஞ்சே போயிரும். அவர் மேஜையில இருக்கறது எல்சிடி. அதுல பின்னாடி விளக்கு எந்நேரமும் எரிஞ்சுட்டுதான் இருக்கும், முன்னாடி கறுப்பு காட்டினா என்ன, வெள்ளை காட்டினா என்ன. 2007-லயே பிளாக்கிள்னு கறுப்பா ஒரு தேடுபொறி வந்து இதே சண்டை நடந்து முடிஞ்சிருச்சுங்க. விளக்கிச் சொன்னேன். ரொம்பப் பொறுமையா கேட்டுட்டு, "அப்ப ரெண்டும் வெச்சுருவோம் ப்ரோ, ஒரு பட்டன் குடுங்க" அப்படின்னார். பட்டன்ல நிலா படம். நிலாவுக்கும் அனிமேஷன்.

இதுல எனக்கு அட்வைஸ் வேற. "ப்ரோ, இன்னுமா இந்தப் பழைய லேப்டாப்? புது மாடல் வாங்குங்க, எனர்ஜி எஃபிஷியன்ட்." இது 2017-ல வாங்கினது. பேட்டரி மாத்தியாச்சு, ஹார்ட் டிஸ்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டாச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதும் லினக்ஸ் போட்டேன், ஜம்முன்னு ஓடுது. சார்ஜர் சொருகற இடம் ஆடுதுன்னு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனா போர்டையே மாத்தணும்னாங்க, அந்த விலைக்குப் புதுசே வந்துரும். காந்திபுரம் சந்துல ஒரு தம்பி ஈயம் வெச்சு ஒட்டிக் கொடுத்தான், நானூறு ரூபாய், டீயும் வாங்கிக் கொடுத்தான். லேப்டாப்போட கார்பன் கணக்குல பெரும்பங்கு அதைத் தயாரிக்கறப்பவே முடிஞ்சிருது. ஓட்டற வரைக்கும் ஓட்டறதுதான் பசுமை. ஆனா பழைய லேப்டாப்புல எவன் இலை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பான்?

எரிச்சல் எங்கன்னா, குறைச்சா யாருக்கும் தெரியறதில்லைங்க. 42 எம்பி அருவி கண்ணுக்குத் தெரியும், கை தட்டுவாங்க. நான் வெட்டி வீசின எம்பியை எப்படிக் காட்ட? அதையும் கலர் பிரிண்ட் போட்டா எடுத்துட்டுப் போக? பில்லுல "போடாமல் விட்ட வேலைக்கு"ன்னு ஒரு வரி எழுதினா அக்கவுன்ட்ஸ்ல தூக்கி அடிப்பாங்க.

கடைசியா மீட்டிங்ல என்ன முடிவாச்சு தெரியுங்களா? வெப்சைட் அருமையாம். ஆனா பிரிண்ட்டுல பச்சை கொஞ்சம் டல்லா இருக்காம். இன்னும் கொஞ்சம் தூக்கலா வெச்சு, திரும்ப அஞ்சு செட்டு. இந்தத் தடவை லேமினேட் பண்ணி. எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சு, அடக்க முடியல. "அம்மிணிக்கு ரொம்ப சந்தோஷமாட்ட இருக்கு"ன்னார் முதலாளி.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாங்க. காபி கொடுத்தாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்கவே முடியல. கப்பு, உள்ள பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பு. 2019 ஜனவரி 1-லயே தமிழ்நாட்டுல தடை பண்ணினது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ள நாட்டுச் சர்க்கரைக் காபி. கொதிக்கற பாலுல நாட்டுச் சர்க்கரையை அப்படியே அள்ளிப் போட்டு, அடுப்புலயே வெச்சு, பால் திரிஞ்சு, வெள்ளை வெள்ளையா திப்பி மிதக்குது! நாட்டுச் சர்க்கரையை டிகாஷன்ல கரைச்சு, மண்ணு போக வடிகட்டி, அடுப்பை விட்டு இறக்கினதுக்கப்புறம் பாலைச் சேக்கணும்னு எங்க ஊர்ல பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குத் தெரியும். நாட்டுச் சர்க்கரையை ஊரெல்லாம் விக்கிற கம்பெனிங்க இது! பாக்கெட் பாக்கெட்டா அடுக்கி வெச்சிருக்காங்க பின்னாடி!

பால் திரிஞ்சிருக்குங்க சார்னு கப்பைக் காட்டினேன்.

"ஆர்கானிக்னா அப்படித்தான் இருக்கும் அம்மிணி, குடிங்க."