லவுஞ்சில் முதலில் தேட வேண்டியது குளியலறையை

எங்கள் கிருஷ்ணகிரி மாங்கூழ் வட்டாரத்தில் வெளிநாடு போய்வருகிறவர்கள் நிறைய. வளைகுடா நாடுகள் பெரிய சந்தை என்பதால் துபாய் கல்ஃபுட் கண்காட்சிக்கு வருடா வருடம் யாராவது கிளம்பிவிடுவார்கள். ஐரோப்பா பக்கம் என்றால் ஒரு வருடம் பாரிஸின் சியால் உணவுக் கண்காட்சி, மறு வருடம் கொலோனின் அனுகா. போய் வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு கூழ் டிரம் விலையில் தொடங்கி, எந்த ஏர்போர்ட் லவுஞ்சில், அதாவது பயணிகள் சாப்பிட்டு இளைப்பாறும் கூடத்தில், என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதில் வந்து நிற்கும். அங்கே பிரியாணி இருந்தது, இங்கே வெறும் ரொட்டிதான் என்று சாப்பாட்டை வைத்தே மார்க் போடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டிரான்சிட்டில், அதாவது விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தில், லவுஞ்சுக்குள் நுழைகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குளிக்க இடம் இருக்கிறதா, காலை நீட்டிச் சாய ஒரு நாற்காலி இருக்கிறதா என்பதைத்தான். சாப்பாடு அதற்கப்புறம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெங்களூரிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போக ஒசூர், சில்க் போர்டு, ஹெப்பாள் என்று அந்த நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து கிளம்பினால் இன்னும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூடும். சில்க் போர்டு நெரிசலுக்குப் பயந்து ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பி, செக்-இன், இமிக்ரேஷன் எல்லாம் முடித்து, விமானத்தில் கண்ணை மூடுவதற்குள் உணவுத் தட்டு வந்துவிடும். தோஹாவிலோ துபாயிலோ இறங்கும்போது விடிந்திருக்கும். அப்போது உடம்பு கேட்பது வெந்நீரும் தூக்கமும். நாம் கொடுப்பது சோலே பூரி.

அந்தப் பூரி அடுத்த விமானத்தில் தன் வேலையைக் காட்டும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போலத்தான் வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நம்மைச் சுற்றி அழுத்தம் குறைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரியும். கொண்டைக்கடலை, எண்ணெய்ப் பலகாரம், சோடா மூன்றையும் ஒன்றாகத் தள்ளிவிட்டு ஏறினால் எட்டு மணி நேரம் நெளிய வேண்டியதுதான். உள்ளே காற்றும் ரொம்ப வறண்டது, ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். அதனால் இலவசம் என்பதற்காக மதுவை ஏற்றிக்கொள்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் குடியுங்கள், மோர் கிடைத்தால் மோர் குடியுங்கள்.

வளைகுடா லவுஞ்சுகளில் நான் தேடிப் போவது பருப்பு சூப். மைசூர்ப் பருப்பை மசிய வேகவைத்து, சீரகம் போட்டு, கூடவே எலுமிச்சைத் துண்டும் வறுத்த ரொட்டித் துணுக்கும் வைத்திருப்பார்கள். எலுமிச்சையைப் பிழிந்து சூடாக ஒரு கிண்ணம் குடித்தால் நம் வீட்டுப் பருப்பு ரசம் குடித்த நிம்மதி. ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை மசியல், லப்னே என்கிற கெட்டித் தயிர், பேரீச்சம்பழம் என்று சைவர்களுக்கு அங்கே எப்போதும் ஏதாவது இருக்கும். ஐரோப்பிய லவுஞ்சுகளில் இந்த நிம்மதி கிடையாது. ரொட்டி, சீஸ், பச்சைக் காய்கறி, பழம், அவ்வளவுதான். சூப்பிலும் காய்கறிச் சாறா, இறைச்சிச் சாறா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சவூதியிலும் குவைத்திலும் மது கிடையாது. சவூதியில் அதற்குப் பதில் ஏலக்காய் மணக்கும் இளமஞ்சள் நிறக் காவா என்கிற அரபுக் காபியைச் சின்னக் கிண்ணத்தில் பேரீச்சம்பழத்தோடு தருவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல உபசாரம்.

மாம்பழ ஜூஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது என் தொழில். லவுஞ்ச் ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் படிக்காமல் குடிக்க மாட்டேன். தோத்தாபுரிக் கூழில் சர்க்கரை அளவு 14 பிரிக்ஸை ஒட்டி இருக்கும், லேசாகப் புளிப்பு தட்டும். அல்போன்சா 16-க்கு மேல் போகும், வாசனையே வேறு. நெக்டார் என்று போட்டிருந்தால் கூழ் கொஞ்சம் தாராளம். டிரிங்க் என்று போட்டிருந்தால் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். நம் மாவட்டத்து விவசாயி விளைவித்த பழம் இப்படி நீர்த்துப்போய் அங்கே நிற்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பாதிக் கூழாவது இருந்தால் அந்த ருசியை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

சரி, சௌகரியத்துக்கு வருவோம். தோஹாவின் அல் மூர்ஜான் லவுஞ்ச் பெரியது, அழகானது, உள்ளே அகலமான நீர்த்தடாகமே இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அதே நிலையத்தில், அந்தப் பெரிய மஞ்சள் கரடி பொம்மை நிற்கிற நிலையத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அமைதி அறைகள் இருக்கின்றன. வெளிச்சம் குறைவு, சாய்வு நாற்காலி, காசு கிடையாது. பெண்கள் தனியாகப் பயணம் போகும்போது இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் வீட்டில் கேட்டால் தெரியும். துபாயில் எமிரேட்ஸின் ஏ பகுதி லவுஞ்ச் நீளத்துக்கும் விரிந்து கிடக்கும், அங்கிருந்தே நேராக விமானத்தில் ஏறலாம். கேட்டைத் தேடி ஓட வேண்டாம் என்பது வயதானவர்களுக்கு விருந்துச் சாப்பாட்டைவிடப் பெரிய வரம்.

எனக்கு முதலிடம் சிங்கப்பூர் சாங்கிக்குத்தான். அங்கே லவுஞ்சே தேவைப்படாது. படுத்துச் சாய நாற்காலிகள், கால் அமுக்கும் இயந்திரம், மூன்றாம் முனையத்தில் இரவு பகலாக ஓடும் தியேட்டர், பட்டாம்பூச்சித் தோட்டம் எல்லாமே இலவசம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்து, நுழைவு விதிகளும் பொருந்தினால், ஊரைச் சுற்றிக்காட்டவும் காசு வாங்குவதில்லை. எகானமி டிக்கெட்டில் வந்தவரும் அங்கே மனிதராக நடத்தப்படுகிறார்.

நம் நாட்டில் லவுஞ்ச் நுழைவெல்லாம் வங்கிக் கார்டை நம்பி ஓடுகிறது. 2024-இலிருந்து பல வங்கிகள், முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்று சொல்லிவிட்டன. கிளம்புவதற்கு முன்னால் வங்கியின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான் உட்கார விடுவார்கள். எட்டு மணி நேர டிரான்சிட் என்றால் இறங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். வெளியே அமைதி அறையில் தூங்கிவிட்டு, கடைசி மூன்று மணி நேரத்துக்கு உள்ளே போங்கள். நுழைந்ததும் வரவேற்பு மேசையில் ஷவருக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள், துண்டு அவர்களே தருவார்கள். மாற்றுச் சட்டை கைப்பையில் மேலாக இருக்கட்டும். குளித்துவிட்டு ஒரு கிண்ணம் சூப், கொஞ்சம் தயிர், ஒரு வாழைப்பழம் போதும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர் அம்மா அப்பாக்களுக்கும், கட்டட வேலைக்கு வளைகுடா போகும் பையன்களுக்கும் இந்தக் கார்டெல்லாம் இருப்பதில்லை. தூணோரம் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்களில் பலர் நம் ஆட்கள்தான். ஒசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதற்கு வரைபடம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: லவுஞ்சுக்கு இடம் ஒதுக்கும் முன்னால், டிக்கெட் உள்ள எல்லோருக்குமாக இருநூறு சாய்வு நாற்காலியும் வெந்நீர் வரும் பத்துக் குளியலறையும் போடுங்கள்.