உயிரெடைக் குதிரையும் உரித்த குதிரையும்

கோவையிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். இடது பக்கம் 1970 ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 454, 450 எச்.பி. வலது பக்கம் 2024 வரை விற்ற டொயோட்டா கேம்ரி வி6, 301 எச்.பி. கீழே சிரிக்கிற பொம்மை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அம்பது வருஷம் ஆராய்ச்சி பண்ணி நூத்தம்பது குதிரையைத் தொலைச்சிருக்கீங்க. இதுக்கா மாப்ள டெட்ராய்ட்ல உக்காந்து சம்பளம் வாங்கறே?"

நான் வேலை பார்ப்பது இன்ஜின் சோதிக்கிற டைனோ அறையில். மச்சான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். குதிரைத்திறனைத் தொட்டுத்தான் இரண்டு பேரும் சோறு தின்கிறோம். அதனால் இதை நாலு வரியில் முடிக்க மனசு வரவில்லை.

பிராய்லர் கடைப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர் எடைக்கு ஒரு விலை, உரித்த எடைக்கு ஒரு விலை என்று எழுதியிருக்கும். கோழி ஒன்றுதான், எடை இரண்டு. இதுவரை எந்தக் கடைக்காரரும் இந்தக் கடையின் உயிரெடையை அடுத்த கடையின் கறி எடையோடு ஒப்பிட்டு, "நம்ம கோழிதான் பெருசு" என்று சொல்லிப் பார்த்ததில்லை. கார்க்காரர்கள் அதைத்தான் அரை நூற்றாண்டாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1971 வரைக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டது உயிரெடை. இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்டர் கிடையாது. ஃபேன் கிடையாது. ஆல்டர்னேட்டருக்குச் சுமை கிடையாது. சைலன்சருக்குப் பதிலாகப் புகை தாராளமாக ஓடுகிற சோதனைக் குழாய். இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழுகிற நேரத்தை, அந்த நிமிஷத்துக்கு எது அதிகம் தருமோ அதில் வைத்துக்கொள்ளலாம். வருகிற எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டியதுதான். 1972 மாடலிலிருந்து முறை மாறியது. காரில் என்னென்ன மாட்டி வருகிறதோ அத்தனையும் மாட்டி ஓட்டிப் பார்த்து எழுது என்றானது. அது உரித்த எடை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட். அடிப்படை மாடலில் 350 கன அங்குல வி8. 1970இல் 300 எச்.பி. 1971இல் 270. 1972இல் 200! வரிசையாகப் படித்தால் யாரோ இன்ஜினுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் 1971இல் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்கையும் சேர்த்தே வெளியிட்டது. அதே 270 எச்.பி. இன்ஜினுக்கு உரித்த கணக்கில் 210. ஆக 1971க்கும் 1972க்கும் நடுவில் நிஜமாகக் குறைந்தது பத்தே குதிரை. மீதி அறுபதும் முதலிலிருந்தே காகிதத்தில் மேய்ந்தவை.

ஹெமி ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். கிரைஸ்லரின் 426 ஹெமி, ஏழு லிட்டர், 425 எச்.பி. என்று பெயர் வாங்கியது. 1971இல் அதே இன்ஜினுக்கு உரித்த கணக்கு 350. லிட்டருக்கு ஐம்பது. கேம்ரியின் மூன்றரை லிட்டர் வி6 லிட்டருக்கு 86 தருகிறது. காய்கறி வாங்கப் போகிற கார் அது.

எல்லாமே கணக்கு மாறியதால் வந்த வினை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். 1971 மாடலுக்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்குத் தோதாகக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நசுக்குவது என்கிற விகிதத்தை, இறக்கிவிட்டது. மேலே 300 என்பது 270 ஆனது அதனால்தான். பிறகு புகைக் கட்டுப்பாடு, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 1975இல் அதே 350 கன அங்குல கார்வெட் வெறும் 165 எச்.பி. அது நிஜமாகவே செத்த குதிரை, அதற்கு நானும் அழுவேன். என் வருத்தமெல்லாம், 1972ஐயும் 1975ஐயும் ஒரே பாடையில் ஏற்றி "அரசாங்கம் கொன்னுடுச்சு" என்று ஒப்பாரி வைக்கிறார்களே, அதுதான்.

இதையெல்லாம் ஃபோனில் மச்சானிடம் சொன்னேன். "அப்ப அந்தக் காலத்துல எல்லாருமே கூட்டித்தான் எழுதுனானுங்களா?" என்றான். இல்லை, குறைத்து எழுதியவர்களும் உண்டு. 1967 கார்வெட்டில் எல்71 என்கிற 427 கன அங்குல இன்ஜினுக்கு 435 எச்.பி. என்று போட்டார்கள். அதைவிடக் கடுமையான, பந்தயத்துக்கென்றே செய்த எல்88க்கு 430. சாதாரண ஆள் பெரிய எண்ணைப் பார்த்து எல்71ஐ வாங்கிக்கொண்டு போகட்டும், விஷயம் தெரிந்தவன் மட்டும் எல்88ஐக் கேட்கட்டும் என்கிற தந்திரம். நிஜத்தில் அது 500க்கும் மேலே. பொய்யும் இல்லை பாருங்கள்: உச்சத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே ஓர் ஆர்.பி.எம்மில் நிறுத்தி, அங்கே வந்ததை எழுதிக்கொண்டார்கள். கால் மைல் நேர்கோட்டில் ஓடுகிற டிராக் (drag) பந்தயத்தில் எந்தப் பிரிவில் ஓடுவது என்பது எடைக்கும் எச்.பி.க்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. இன்சூரன்ஸ்காரர்கள் வேறு எச்.பி.யைப் பார்த்துப் பிரீமியத்தை ஏற்றினார்கள். குறைத்துச் சொன்னால் இரண்டு இடத்திலும் லாபம்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "இது நம்ம கிணத்து மோட்டார் கதையல்லோ!" கரண்ட் கனெக்‌ஷன் அஞ்சு எச்.பி.க்குத்தான் வாங்கியிருப்பார்கள். தகட்டிலும் 5 என்றுதான் இருக்கும். காயில் கட்டக் கொண்டுவரும்போது காதோரம் வந்து "ஏழரைக்குத் தாங்குற மாதிரி கட்டிருங்க" என்பார்கள். ஊரறிந்த ரகசியம். டெட்ராய்டும் பொள்ளாச்சியும் இந்த விஷயத்தில் பங்காளிகள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தகட்டை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? கால் மைல் ஓட்டத்தின் முடிவில் வண்டி என்ன வேகத்தில் கோட்டைத் தாண்டுகிறது என்று பாருங்கள். எத்தனை நொடி என்பது டயரையும் ஓட்டுகிறவனையும் பொறுத்தது, கடைசி வேகம் பெரும்பாலும் எச்.பி.யையும் எடையையும்தான் பொறுத்தது. இருந்தாலும் நொடிக் கணக்கில் ஷெவலுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அன்றைய பத்திரிகைச் சோதனைகளில் எல்எஸ்6 என்கிற அந்த 450 எச்.பி. இன்ஜின் போட்ட ஷெவல் 13 நொடிச் சொச்சத்தில் முடித்தது. பதினாலு அங்குலச் சக்கரத்தில், பிடிமானமே இல்லாத அந்தக் காலத்து டயரில்! கேம்ரி வி6 14 நொடிச் சொச்சம். ஆக மச்சான் அனுப்பிய படத்தில் ஜெயித்தது ஷெவல்தான், ஆனால் நூற்றைம்பது குதிரை வித்தியாசத்தில் அல்ல. எல்எஸ்6க்கு 1970இல் உரித்த கணக்கை வெளியிடவில்லை. என் கை மதிப்பு 350, 360 பக்கம். ஷெவலுக்குச் சரியான ஜோடி இன்றைய மஸ்டாங் ஜிடி. ஐந்து லிட்டர், டர்போ இல்லாமல் 480 எச்.பி., அத்தனையும் உரித்த எடை. 12 நொடிச் சொச்சத்தில் முடித்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரிடம் அசல் எல்எஸ்6 ஷெவல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவர் டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற வேலை, செய்யும்போது கூட இருந்தேன். இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் வகை இல்லை, சாலிட் லிஃப்டர், அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, அட்டையை வெட்டி ஓரத்தில் செருகி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு வால்விலும் இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை (ஃபீலர் கேஜ்) விட்டு விட்டு எடுத்தார். சூடான ஆயில் அட்டையில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது, பாதி அவர் சட்டையில். மேலே ஹோலி கார்புரேட்டர், எட்டு சிலிண்டருக்கும் ஒரே அடுப்பு. நடுவில் இருக்கிறவனுக்குக் கூடுதலாகவும் ஓரத்தில் இருக்கிறவனுக்குக் குறைவாகவும் பெட்ரோல் போய்ச் சேரும், பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் போய்ச் சேருகிற மாதிரி. ஓரத்துச் சிலிண்டர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக எல்லாருக்கும் கூட்டி ஊற்ற வேண்டும்.

எங்கள் டைனோ அறையில் இன்றைய இன்ஜின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளந்து ஊற்றுகிறது. நாக், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுகிற சத்தம், வருகிறதா என்று ஒரு சென்சார் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் சத்தம் வந்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, அடங்கியதும் மறுபடி முன்னே தள்ளுகிறது. 1970இல் பதினொன்றே கால் கம்ப்ரஷனுக்கு ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோல் வேண்டியிருந்தது. இன்று கேம்ரி அதைவிடக் கூடுதல் கம்ப்ரஷனில், ஈயமே இல்லாத சாதாரண பெட்ரோலில் ஓடுகிறது. ஜனங்கள் டர்போவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தச் சின்னக் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெரியவர் வேலை முடித்து என்னை ஏற்றிக்கொண்டு வுட்வர்ட் அவென்யூவில் ஒரு சுற்றுப் போனார். ஆகஸ்ட் மாதம் பழைய கார்களெல்லாம் ஊர்வலம் வருகிற அதே ரோடு. மூன்றாவது கியரில், ரெண்டாயிரம் ஆர்.பி.எம்கூட இருக்காது, லேசாக மிதித்தார். கியரை மாற்றவில்லை. வண்டி முன்னால் போகவில்லை, ரோடு எங்களை நோக்கி வந்தது. ஏழு லிட்டருக்கும் மேலே இருக்கிற இன்ஜினின் டார்க் (முறுக்குவிசை) அது, விளம்பரத்தில் 500 அடி-பவுண்டு. கேம்ரிக்கு 267. அந்த எண்ணும் உயிரெடைதான், கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் முதுகில் தெரிகிறது.

இதையும் எழுதி மச்சானுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "எல்லாஞ் சரி மாப்ள. அடுத்த தடவை அந்தப் பெரியவர் வண்டி எடுக்கும்போது சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. கேம்ரி சத்தம் வேண்டாம்."