படத்தில் இருப்பவர் ஜோக்கர் அல்லர்

இங்கே பகிரப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கராக 1940களின் பேட்மேன் திரைத்தொடரில் முதலில் நடித்தவருடையது என்று கூறப்பட்டுள்ளது. உண்மையில் அகன்ற சிரிப்புடன் அதில் இருப்பவர், 1928இல் வெளியான 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' என்ற அமெரிக்க மௌனப் படத்தில் குவின்பிளேன் என்னும் பாத்திரத்தை ஏற்ற ஜெர்மன் நடிகர் கான்ராட் வைட். ஜோக்கர் 1940இல்தான் பேட்மேன் படக்கதையின் முதல் இதழில் அறிமுகமானான். அவனுடைய முகத்துக்கு வைட்டின் தோற்றமே தூண்டுதல் என்று பேட்மேன் படைப்பாளிகளுள் ஒருவரான பாப் கேன் கூறியிருப்பதால், இந்தக் குழப்பம் நேர்வது இயல்பே. ஆனாலும் அந்த மகத்தான நடிப்புக்கான பெருமை வைட்டின் பெயரிலேயே நிற்க வேண்டும். புகைப்படத்தைக் கூகுள் லென்ஸ் என்னும் படத்தேடல் கருவியில் இட்டுத் தேடினால், அது எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1943, 1949 திரைத்தொடர்களின் நடிகர் பட்டியலைப் பார்த்தால், இரண்டிலும் ஜோக்கர் இல்லை என்பதும் தெரியும்.