சிரிக்க வைத்த இளவரசன்

கொரியச் சரித்திரத் தொடர் என்றால் அரண்மனைச் சதிதான் சுவை, காதலும் நகைச்சுவையும் வெறும் ஊறுகாய் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2018-இல் வந்த ‘100 டேஸ் மை பிரின்ஸ்’ என்ற கொரியத் தொடரைப் பாருங்கள். பதினாறே பகுதிதான்.

நாட்டில் மழை இல்லை. கல்யாணமாகாதவர்களின் ஏக்கம்தான் காரணம் என்கிறார்கள். உடனே எல்லோருக்கும் கல்யாணம் செய்துவையுங்கள் என்று உத்தரவு போடுகிறான் பட்டத்து இளவரசன். அப்புறம் தான் யாரென்பதே மறந்துபோய், கிராமத்தில் வொன்தியூக் என்ற பெயரில், அதே உத்தரவால் ஹொங்ஷிம் என்ற பெண்ணுக்குக் கணவனாகிறான்! விறகு பிளக்கத் தெரியாது, ஆனால் பேச்சில் மட்டும் ராஜ தோரணை குறையாது. முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல் “எனக்கு மட்டும்தான் அசௌகரியமாக இருக்கிறதா?” என்று இளவரசனாக நடிக்கும் தோ க்யுங்-சூ கேட்கும்போதெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தேன். கடனுக்குப் பட்டுத்துணி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். ஹொங்ஷிமாக நடிக்கும் நடிகை நாம் ஜி-ஹ்யுன் அவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அடடா!

இந்தக் கல்யாண உத்தரவு முழுக்கக் கற்பனையும் இல்லை. கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்து மன்னர் ஜொங்ஜோ 1791-இல், வறுமையால் கல்யாணம் தள்ளிப்போனவர்களுக்குத் தலைநகரில் அரசு உதவியோடு மணம் முடித்துவைக்கச் செய்தார்.

அரண்மனைச் சதி இதிலும் உண்டு. ஆனால் அந்த ஓலைக்கூரை வீட்டில் இருவரும் சண்டை போட்டதை நாம் ரசித்திருப்பதால்தான், பின்னால் அவர்கள் பிரியும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. நான் இரண்டாம் முறை பார்த்தபோதும் அழுதேன்.